வெள்ளம் இங்கே, கார்டு அங்கே

1

என்னிடம் கேட்டது கட்டுரை. ஒரு மாத இதழ்க்காரர்கள் தொலைபேசியில் அழைத்து, ‘இயற்கைப் பேரிடரில் சிக்கியவர்களுக்கு அரசு தரும் உதவியை எப்படிச் சீர்திருத்தலாம்’ என்று எழுதித் தரச் சொன்னார்கள். குன்றத்தூரில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து தொடங்கினேன்.

பேரிடர் மேலாண்மையில் பயனாளிகளை அடையாளம் காண்பதிலுள்ள நடைமுறைச் சிக்கல்களை

இந்த இடத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. எழுதுகிறவனே தூங்கினால் படிக்கிறவர் பாடு என்ன? சரி, வெள்ளம் வந்த தெருவையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று சுங்குவார்சத்திரத்துக்கு பஸ் ஏறினேன். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெரு. முனையில் கன்னியப்பனின் டீக்கடை. “இங்கே போன டிசம்பரில் தண்ணீர் வந்ததாமே?” என்று கேட்டேன். டீ ஆற்றிய கையாலேயே கன்னியப்பன் ரோட்டைக் காட்டினார்.

“அதோ வர்து பாரு சார், கம்பெனிப் பொண்ணு, அதாண்ட கேளு. அது சொன்னா படம் பாத்தா மாரி கீது.”

ஷிப்ட் முடித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சந்திரலேகா வந்துகொண்டிருந்தாள். ஊர் விளாத்திகுளம் பக்கம். இங்கே ஒரு மின்னணுக் கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறாள். அவள் பேசி முடித்தபோது என் டீ ஆடை கட்டியிருந்தது, கட்டுரை செத்துப்போயிருந்தது. நீங்கள் படிக்கப்போவது அதன் பிறகு பிறந்தது.

2

ஆனால் கதையை எப்படித் தொடங்குவது? இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். எழுதியதை சந்திரலேகாவின் போனுக்கு அனுப்புவதாகவும், அவள் ஒப்புக்கொள்ளாததை அடித்துவிடுவதாகவும் எங்களுக்குள் பேச்சு. என் எழுத்து வாழ்க்கையில் நான் செய்துகொண்ட மிக ஆபத்தான ஒப்பந்தம் அது.

முதல் தொடக்கம்: வானம் கிழிந்து கொட்டிய அந்தக் கொடிய காலையில்

“வானம் எங்க சார் கிழிஞ்சுது? மழை விட்டு வெயில் சுள்ளுனு அடிச்சுச்சு. ஏரி நிறைஞ்சு, உபரித் தண்ணி போற கலங்கல் வழியா வந்த தண்ணி அது. வெயில்ல வந்த வெள்ளம்.”

இரண்டாவது: ஏழைப் பெண்ணான சந்திரலேகா, கலங்கிய கண்களுடன்

“ஏழையா? எங்க அப்பாவுக்கு நாலு ஏக்கர் மானாவாரி இருக்கு. கண்ணும் கலங்கல. நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா கண்ணு சிவப்பாத்தான் இருக்கும். எனக்குப் பசி சார் அன்னைக்கு. பசின்னு எழுதுங்க.”

எழுதுகிறேன்.

3

சந்திரலேகாவுக்குப் பசித்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ் தெருவுக்குள் திரும்பாமல் நெடுஞ்சாலையிலேயே நின்றது. இறங்கிப் பார்த்தால் தெரு இருந்த இடத்தில் காவி நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

பெரியநாயகத்தின் வீட்டில் கீழே இரண்டு அறைகள். அங்கே அவளும் இன்னும் ஐந்து பெண்களும் வாடகைக்கு இருந்தார்கள். எல்லோரும் தெற்குச் சீமைக்காரர்கள், எல்லோரும் கம்பெனி. மாடியில் வீட்டுக்காரர் பெரியநாயகமும் அவர் மனைவி அற்புதமேரியும். அறைக் கதவு திறந்து கிடந்தது. பாய், தலையணை, துணிகள், பிளாஸ்டிக் வாளி எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. புதிதாக வாங்கிய மிக்ஸி மட்டும் மிதக்கத் தெரியாமல் மூழ்கிவிட்டது.

மாடிப்படியின் மேல் படியில், மடியில் குக்கரை வைத்துக்கொண்டு அன்னக்கிளி உட்கார்ந்திருந்தாள். சங்கரன்கோவில்காரி. சந்திரலேகாவின் அறைத்தோழி.

“ஏட்டி, எல்லாம் போச்சா?”

“எல்லாம் போச்சுட்டி. ஆனா சோறு வெந்துருந்துச்சு. அத விட மனசில்ல, தூக்கிட்டு ஓடியாந்துட்டேன்.”

அந்த வெள்ளத்தின் நடுவில், படியில் நின்றபடி, இருவரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

(இதை நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பேரிடர்க் கதையில் யாரும் முதல் காட்சியிலேயே சிரிப்பதில்லை. சிரித்தார்கள். நான் என்ன செய்வது?)

அதற்குள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியநாயகம் தண்ணீரில் இறங்கியிருந்தார். ஐம்பது தாண்டிய மனிதர், நீச்சலும் தெரியாது. பெண்களின் சான்றிதழ்கள் இருந்த சூட்கேஸைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். “இன்னாமா பாத்துக்கினு கீறீங்க, மேல போங்க! மேரி, இதுங்களுக்குத் துணி குடு!” என்று கத்தினார். அற்புதமேரி தன் சேலைகளை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் வடியும்வரை ஆறு பெண்களும் மாடிக் கூடத்தில்தான் உண்டு உறங்கினார்கள். அற்புதமேரி ஆக்கினாள், பெண்கள் வெங்காயம் உரித்தார்கள், பெரியநாயகம் இடுப்பளவு தண்ணீரில் போய்ப் பால் வாங்கி வந்தார்.

4

இனி வருவதுதான் எனக்குச் சிக்கலான இடம்.

தண்ணீர் வடிந்ததும் கணக்கெடுக்க அரசு ஊழியர்கள் வந்தார்கள். மாடி வாசலில் நின்று, “கீழே யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார்கள்.

“கீழ யாருமில்லீங்க,” என்றார் பெரியநாயகம். “சாமான் போட்டு வெச்சுக்கிற எடம்.”

அவருக்குப் பின்னால், கூடத்தில், ஆறு பெண்களும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்திகள் ஒரு நிமிடம் நின்றன. பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கின.

என் முதல் பிரதியில் பெரியநாயகத்துக்கு முறுக்கு மீசையும் ஒரு குரூரச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். சந்திரலேகா அரைமணி நேரம் போனில் சண்டை போட்டாள்.

“அவருக்கு மீசையே கிடையாது சார். கெட்டவரும் கிடையாது. கீழ ரூம் கட்டுனதுக்கு அவருட்ட அனுமதி இல்ல. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா இடிச்சிருவாகன்னு பயம். எங்க சூட்கேஸைத் தலையில தூக்கிட்டு வந்தவரும் அவருதான், யாருமில்லன்னு சொன்னவரும் அவருதான். ரெண்டையும் எழுதுங்க.”

இரண்டையும் எழுதிவிட்டேன். ஒரே வாரத்தில் சோறும் போட்டு, ‘நீ இல்லை’ என்றும் சொல்கிற மனிதரை ஒரு கதைக்குள் எப்படி உட்காரவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தானாகவே உட்கார்ந்துகொண்டார்.

5

நிவாரணம் ரேஷன் கடையில் கொடுத்தார்கள். அந்தக் கடையில் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும். தண்ணீரே ஏறாத மாடிவீட்டுக்குக் கிடைத்தது. மூழ்கிய கீழ்வீட்டுக்கு இல்லை. சந்திரலேகாவின் பெயர் விளாத்திகுளத்தில் அவள் அம்மாவின் கார்டில் இருந்தது.

திங்கட்கிழமை, மக்கள் குறை கேட்கும் நாளில், சந்திரலேகாவும் அன்னக்கிளியும் தாலுகா அலுவலகத்துக்குப் போனார்கள். துணை வட்டாட்சியர் ஜாஸ்மின் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். கேட்டுவிட்டு, பல பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில், “கார்டு எந்த ஊர்ல இருக்கோ அங்கதாம்மா கேக்கணும்,” என்றார்.

“அங்க வெயிலடிச்சுச்சு மேடம்,” என்றாள் சந்திரலேகா.

“விதி அப்படி.”

“வெள்ளம் இங்க, கார்டு அங்க. அடுத்த தடவ வெள்ளத்த விளாத்திகுளத்துக்கு வரச் சொல்லணுமா, நாங்க கார்டு மேல ஏறிப் படுத்துக்கிடணுமா, சொல்லுங்க மேடம். செஞ்சிருதோம்.”

அன்னக்கிளி அவளை இடுப்பில் கிள்ளினாள். ஜாஸ்மின் பேனாவை மூடினார். கோபப்படப் போகிறார் என்று இருவரும் நினைத்தார்கள். ஜாஸ்மின் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

“நான் குன்றத்தூர்ல வாடகைக்கு இருக்கேன். கீழ்வீடுதான். எங்க வாஷிங் மெஷின் வாசல்வரைக்கும் மிதந்து வந்துச்சு. என் கார்டு எங்க இருக்கு தெரியுமா? நாகர்கோவில்ல. இத்தனை பேருக்கு நிவாரணம் குடுத்தேனே, எனக்கே கிடையாது!”

இதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்காமல் அவர் பல நாட்களாகத் தவித்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு நாற்காலிகளைக் காட்டினார்.

6

(இது கட்டுரைத் துண்டு. தாண்டிப் போகிறவர்கள் போகலாம், ஆனால் சின்னதுதான்.)

உதவி யாருக்கு என்று முடிவுசெய்ய எளிய வழி, ஏற்கெனவே எண்ணி வைத்தவர்களுக்குக் கொடுப்பது. அது வேகமான வழியும்கூட. வேகம் முக்கியம், பசித்தவன் முன்னால் விசாரணைக் கமிஷன் வைக்க முடியாது. ஆனால் இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளில், தன் பெயர் இருக்கிற ஊரில் தூங்குகிறவர் எத்தனை பேர்? ஆள் வேலைக்கு வந்துவிடுகிறார். பெயர் ஊரிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் ஆளைத்தான் தேடி வருகிறது.*

ஜாஸ்மின் அவர்களிடம் சொன்னது இதுதான். விதியை மாற்றலாமா என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருக்கிறது. ஏதாவது ஒரு தெருவில் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்க முடியும். தெருவாசிகள் எல்லோர் முன்னிலையிலும், அதே தெருவில் கார்டு உள்ள இரண்டு பேர், ‘இவர் இங்கேதான் இருந்தார்’ என்று பெயர் சொல்லிச் சாட்சி கூற வேண்டும். வீட்டுக்காரர் எழுந்து ஆட்சேபம் சொன்னால் அந்த வீடு நிறுத்திவைக்கப்படும்.

“கட்டட அனுமதி பத்தி நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். அது என் வேலையும் இல்ல. அறிவிப்புலயே அதைப் போட்டுடறேன்,” என்றார்.

* இந்த வரியை நீக்கும்படி சந்திரலேகா சொன்னாள். “தண்ணிக்கு நம்மள தேடுறதா வேல?” அவள் சொல்வது சரிதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது, விட்டுவிட்டேன்.

7

அனுமதி கிடைத்தது, சோதனைக்கு இந்தத் தெருதான். வீட்டுக்கு வந்த அறிவிப்பைப் பெரியநாயகம் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சந்திரலேகா மாடிக்குப் போய் அவர் முன்னால் நின்றாள்.

“எதுவும் சொல்லாம உக்காந்திருந்தா போதும். நீங்க சாட்சி சொல்ல வேண்டாம்.”

“அவங்க இப்டித்தாம்மா சொல்வாங்க. அப்பால இன்னொருத்தன் வந்து ரூமை இடின்னுவான்.”

“இடிச்சா உங்களுக்கு ரூம்தான் போகும். எங்களுக்குத் தங்க இடமே போகும். எங்களுக்கும் பயந்தான். ஆனா அடுத்த வருசமும் தண்ணி வருமே. அப்பவும் நாங்க சாமானா?”

பெரியநாயகம் டிவியில் ஓடிய விளம்பரத்தை மிகுந்த கவனத்துடன் பார்த்தார். அற்புதமேரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கூட்டம் நடப்பதற்கு முன்பே, இங்கே நிறுத்தி, நடக்கக்கூடிய முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பெரியநாயகம் ஆட்சேபம் சொல்கிறார், பெண்கள் வேறு வீடு தேடுகிறார்கள். யதார்த்தமானது, விமர்சகர்களுக்குப் பிடிக்கும். இன்னொன்றில் மனம் திருந்தி, கண்ணீர் மல்க, நீண்ட உரை ஆற்றுகிறார். உரையை இரண்டு பக்கத்துக்கு எழுதவும் செய்தேன். அதில் ‘மனிதநேயம்’ என்ற சொல் ஏழு இடத்தில் வந்தது.

நடந்தது இரண்டும் அல்ல.

8

ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த பிறகு, மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் தெரு முழுவதும் கூடியது. பூசைக்கு வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று வந்தார்கள். முன்வரிசையில் ஆறு பெண்கள், இருப்பதில் நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு. பெரியநாயகம் கடைசி வரிசையில், கதவோரமாக. ஜாஸ்மின் மேடை ஏறாமல் கீழேயே நாற்காலி போட்டுக்கொண்டார்.

“இவங்க ஆறு பேரையும் யாருக்காவது தெரியுமா?”

கன்னியப்பன் துள்ளி எழுந்தார். “எனக்குத் தெரியாம வேற யாருக்கு மேடம் தெரியும்? தெனம் நம்ம கடைலதான டீ!”

அன்னக்கிளி சந்திரலேகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சாட்சி கிடைத்தாகிவிட்டது.

“பேரைச் சொல்லுங்க.”

“இது ஸ்ட்ராங். அது சக்கர கம்மி. அந்தக் கோடில கீற பொண்ணு இஞ்சி. இது... இது டீயே குடிக்காது மேடம், பால்தான்.”

மண்டபம் சிரித்தது. ஜாஸ்மினும் சிரித்தார், ஆனால் பேனா நகரவில்லை. “பேர் வேணும் ஐயா. பேர் சொல்லாம எழுத முடியாது.”

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். ஆறு முகங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். வருடக்கணக்காகப் பார்த்த முகங்கள். ஒன்றுக்கும் பெயர் வரவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. ஜாஸ்மின் மற்றவர்களைப் பார்த்தார். கோலம் போடும்போது பார்ப்பேன் என்றார் ஒருவர். அந்தச் சிவப்புத் துப்பட்டாப் பெண் ஒருநாள் என் மகளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள் என்றார் இன்னொருவர். ஆளைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. பெயர் சொன்னவரும் ஒருவரும் இல்லை. எல்லோரும் ‘கம்பெனிப் பொண்ணு’ என்றே சொன்னார்கள்.

சந்திரலேகாவுக்குப் பயமாக இருந்தது. தண்ணீரில் நடந்து வந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை என்று பிறகு சொன்னாள். இதை மட்டும் அவளாகவே எழுதச் சொன்னாள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அற்புதமேரி எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். வெள்ளத்து நாட்களில் மாலைதோறும் குடும்பச் செபத்தில் அந்தப் பெண்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அவள் வேண்டியிருந்தாள். அவளுக்குப் பெயர்கள் அந்த ராகத்தோடுதான் நினைவில் இருந்தன. ராகத்தை விட்டுவிட்டு எடுக்க வரவில்லை. எனவே கண்ணை மூடி, கோயிலில் ஒருவர் புனிதர் பெயரைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் மன்றாட்டு மாலை போல இழுத்துத் தொடங்கினாள்.

“சந்திரலேகாவே...”

பூசை முடித்து வந்த கூட்டம். மூளை யோசிக்கும் முன்பே பாதி மண்டபத்தின் வாய் திறந்துவிட்டது.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!”

ஜாஸ்மின் உதட்டைக் கடித்துக்கொண்டார். நாகர்கோவில் கத்தோலிக்கர், அவர் வாயும் சேர்ந்து அசைந்திருந்தது. அற்புதமேரி கண்ணைத் திறக்கவே இல்லை.

“அன்னக்கிளியே...”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!” இந்த முறை வேண்டுமென்றே, முழு மண்டபமும். கன்னியப்பனின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவர் தினமும் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டிவிட்டுக் கடை திறக்கிறவர்.

“வேல்விழியே... பேச்சியம்மாளே... இசக்கிரேவதியே...”

புனிதர் வரிசையில் பேச்சியம்மாளும் இசக்கிரேவதியும் இடம்பிடித்தது அந்த மண்டபத்தில் அதுவே முதல்முறையாக இருக்க வேண்டும். இசக்கிரேவதி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கினாள். கன்னியப்பன் ஒவ்வொரு பெயர் வரும்போதும் அந்த முகத்தைத் தேடிப் பார்த்து, தலையாட்டி, தனக்குள் மனப்பாடம் செய்துகொண்டார்.

“மாரிச்செல்வியே...”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!”

ஜாஸ்மின் எழுதி முடித்தார். கன்னியப்பனும் ஆறு பெயரையும் ஆறு முகத்துக்கு நேராகச் சொல்லி இரண்டாவது சாட்சியானார். பிறகு ஜாஸ்மின் எழுந்து, கடைசி வரிசையைப் பார்த்துக் கேட்டார்: “வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?”

தலைகள் எல்லாம் கதவுப் பக்கம் திரும்பின. பெரியநாயகம் எழுந்தார். அற்புதமேரி இப்போதுதான் கண்ணைத் திறந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உண்டு.”

சந்திரலேகா கண்ணை மூடிக்கொண்டாள்.

“கடைசிப் பேரு தப்பு,” என்றார் பெரியநாயகம். “அது முத்துச்செல்வி. மாரிச்செல்வி அதோட தங்கச்சி, ஊர்ல கீது. இவ எப்பவும் மாத்தி மாத்திதான் சொல்லுவா. சரியா எழுதிக்கோ மேடம், அப்பால அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் வராம பூடும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். உரை அவ்வளவுதான். மனிதநேயம் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. கைதட்டல் மட்டும் கோயில் மணி அடித்தும் ஓயவில்லை. முத்துச்செல்வி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். “ஆமா, நான் முத்துச்செல்வி,” என்றாள். “தெரியும்மா,” என்றார் அவர்.

9

பெண்களுக்கு நிவாரணம் கிடைத்தது. ரேஷன் கடை வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “நகரு நகரு” என்றார்கள். இதுவரை யாரும் அறைகளை இடிக்க வரவில்லை. வரமாட்டார்கள் என்று என்னால் எழுத முடியாது. அனுமதிக்கு மனு போட்டிருக்கிறேன் என்று பெரியநாயகம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கன்னியப்பன் இப்போது கல்லாவிலிருந்து, “இசக்கிரேவதிக்கு ஒரு இஞ்சீ!” என்று கத்துகிறார், நெடுஞ்சாலை வரை கேட்கிறது.

ஜாஸ்மின் தன் அறிக்கையை மேலே அனுப்பினார். அதன்பின் வழக்கமான இடமாற்றத்தில் அவர் வேறு தாலுகாவுக்குப் போய்விட்டார். அங்கேயும் ஓர் ஏரி, அங்கேயும் கீழ்வீடுகள், அங்கேயும் கம்பெனி பஸ்கள். மழைக்கு முன்பே ஒரு கூட்டம் வைக்கப்போவதாகவும், வந்து பேச வேண்டுமென்றும் சந்திரலேகாவை அழைத்திருக்கிறார். மாநிலம் முழுவதற்கும் விதி மாறுமா என்பது இப்படிப்பட்ட கூட்டங்கள் எத்தனை நடக்கின்றன என்பதைப் பொறுத்தது என்கிறார்.

“ஓவர்டைமை விட்டுட்டு வாரேன் மேடம்,” என்று சொல்லியிருக்கிறாள். கூட அன்னக்கிளியும் அற்புதமேரியும் போகிறார்கள். பெரியநாயகம் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுவாராம்.

சந்திரலேகா அங்கே என்ன பேசப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். போனில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தாள். இருந்தாலும் அதை இங்கே எழுதப்போவதில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு நடக்க வேண்டியது அவள் கையில் இல்லை, என் கையிலும் இல்லை.

அந்த மண்டபம் உங்கள் ஊரில் இருக்கிறது. முன்வரிசையில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் தெருவில், கீழ்வீட்டில், நீங்கள் தினமும் பார்க்கிற முகங்கள். அதிகாரி கேள்வியைக் கேட்டுவிட்டார். ஒருவரும் எழவில்லை. மைக் உங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருக்கிறது.